கடைசி வண்டிக்கு முன்னால்

என் அண்ணி சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தது கோபத்தில். முதுகுவலிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாக அவள் வெளியில் சொல்லிக்கொள்வாள். நம்ப வேண்டாம். அன்று அந்தப் பஸ்ஸில் நான் இருந்தேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை. என் அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுநர், ஏழாம் நம்பர் வண்டி. எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி, மருந்துக் கடைக்கு எதிரே இருக்கும் நிறுத்தத்துக்கு ஏழு பதினெட்டுக்கு வரும், ஏழு பத்தொன்பதுக்குக் கிளம்பும். நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அதில்தான் வேலைக்குப் போவேன். அண்ணியும் அதில்தான் ஆஸ்பத்திரிக்கு வருவாள். அன்று அவர்கள் பெண்ணின் பள்ளிக்கூட ஷூவில் ஒன்றைக் காணோம். வீட்டைத் தலைகீழாகப் புரட்டி, கடைசியில் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து, பெண்ணை அனுப்பிவிட்டு அண்ணி ஓடி வருகிறாள். பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் அவள் ஓடி வருவது அண்ணனுக்குத் தெரிகிறது. முன் சீட்டில் இருந்த எனக்கும் தெரிகிறது. இன்னும் பத்தடிதான். கையைக்கூட நீட்டிவிட்டாள். மணி ஏழு பத்தொன்பது ஆனது. அண்ணன் கதவை மூடினான், கிளம்பினான்.

"அண்ணா, அண்ணி வர்றாங்க!" என்று கத்தினேன்.

"டைம் ஆயிடுச்சு," என்றான்.

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கும் கல்யாணமாகியிருந்தது.

சாயங்காலம் வீட்டில் ஒரு 'மன்னிச்சுக்கோ' சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே. பொண்டாட்டிக்குன்னு நின்னா நாளைக்கு ஊரே கேட்காதா?" என்றான்.

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். "சரிங்க. இனிமே உங்க பஸ்ல என் கால் படாது. இந்த வீட்டுல பஸ்ஸப் பத்திப் பேச்சும் வேணாம்," என்றாள்.

மறுநாளே ஒரு பழைய சைக்கிள் வாங்கிவிட்டாள். முன்னால் கூடை, பின்னால் கேரியர், செயினுக்கு மூடி. முதல் நாள் ஆஸ்பத்திரி போய்ச் சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன் என்று வெகுநாள் கழித்து என்னிடம் ஒப்புக்கொண்டாள். ஆறு மாதத்தில் அது பதினாறு நிமிஷமாகக் குறைந்தது. ஏழாம் நம்பர் பஸ்ஸுக்கு அதே தூரம் இருபத்திரண்டு நிமிஷம். சிக்னலில் நிற்கும் பஸ்ஸைத் தாண்டும்போது மணியை ஒரு அடி அடித்துவிட்டுப் போவாள். அண்ணன் சாலையை நேராகப் பார்த்துக்கொண்டிருப்பான்.

டிப்போவில் அவனுக்குக் கடிகாரம் என்று பெயர். அவன் பஸ் வருவதைப் பார்த்து மருந்துக் கடைக்காரர் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார் என்று பெருமையாகச் சொல்வார்கள். பிறகு வருஷத்துக்கு வருஷம் அந்தக் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்க ஆரம்பித்தது. சில நிறுத்தங்களில் கதவை மூட மறந்தவன் போல உட்கார்ந்திருப்பான். தாமதமாக ஓட்டியதற்கு மூன்று மெமோவும் வாங்கிவிட்டான். வயதாகிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணியின் காதில் நான் அதைப் போடவில்லை. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்ற எனக்கு வேண்டுதலா என்ன?

அண்ணியும் லேசுப்பட்டவள் இல்லை. ஆஸ்பத்திரியில் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் அவள் மேற்பார்வையாளர். ஜன்னல் இல்லாத நீள அறை. அறுவைச் சிகிச்சை முடிந்து வரும் கத்தி, கத்தரி, இடுக்கிகளைக் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, துணியில் மடித்து, நீராவி இயந்திரத்துக்குள் வைத்து எடுப்பார்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு நாடா ஒட்டியிருக்கும். ஆவி சரியாகப் பட்டால் நாடாவில் உள்ள கோடுகள் கறுத்துவிடும். சாம்பல் நிறத்தில் நின்றுவிட்டால் மொத்தப் பொட்டலத்தையும் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒரு முறை பெரிய டாக்டர் போனில் காய்ச்சி எடுத்திருக்கிறார். கிட்டத்தட்டக் கறுப்புதானே, அனுப்பு என்று. "பாதி வெந்தது வேகாததுதான் சார்," என்று சொல்லி அண்ணி போனை வைத்துவிட்டாள். டாக்டர் ஒரு மணி நேரம் காத்திருந்தார். இப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே வீட்டில் வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. மாடி அறையில் இருந்துகொண்டு வேடிக்கை பார்க்கும் வேலை எனக்கு.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் ஒருத்தி அண்ணியின் தொடையைப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க ரேஸ் ஓட்டலாம்," என்று விளையாட்டாகச் சொன்னாள். அண்ணியிடம் விளையாட்டாக எதையும் சொல்லக்கூடாது. கூடை வைத்த சைக்கிள் போய், வளைந்த கைப்பிடி வைத்த மெல்லிய சைக்கிள் வந்தது. விடியற்காலையில் எழுந்து அணைக்கட்டு வரை போய்விட்டு வேலைக்குப் போனாள். பிறகு ஒரு நாள் நகரத்துச் சைக்கிள் சங்கத்தின் ஆண்டுப் போட்டிக்குப் பெயரும் கொடுத்துவிட்டாள். எண்பது கிலோமீட்டர். விளையாட்டரங்கில் ஆரம்பித்து, அணைக்கட்டு ஏற்றம், சிமெண்ட் ஆலை, காற்றாலைகளுக்கு நடுவே வெட்டவெளியில் ஒரு நேர்சாலை, மறுபடி நகரம், மறுபடி விளையாட்டரங்கு.

இந்தப் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் வருபவர்களுக்கு நேரக்கெடு கடிகாரத்தில் இல்லை, ஒரு வண்டியில் இருக்கிறது. போட்டி தொடங்கிப் பத்து நிமிஷம் கழித்து ஒரு மினி பஸ் கிளம்பும். மணிக்கு இருபத்து நான்கு கிலோமீட்டர், ஒரே சீர். எந்த இடத்தை எத்தனை மணிக்குத் தாண்ட வேண்டும் என்று ஓட்டுநர் முன்னால் ஒரு அட்டை இருக்கும். உங்களை அது பிடித்துவிட்டால் இரண்டு ஹாரன். நீங்கள் ஓரம் கட்ட வேண்டும். வண்டியில் இருக்கும் ஆள் இறங்கி வந்து முதுகில் குத்தியிருக்கும் எண்ணைக் கழற்றிக்கொள்வார். சைக்கிள் கூரைக்கு, நீங்கள் சீட்டுக்கு. வண்டிக்கு முன்னால் வருபவர் முடித்தவர், மற்றவர் முடிக்காதவர். விதி அவ்வளவுதான்.

முன்பு இந்த வண்டியை ஓட்டியவர் வேண்டியவர்களைக் கண்டால் மெதுவாகவும் வேண்டாதவர்களைக் கண்டால் வேகமாகவும் போனதாகப் பெரிய சண்டை. தாமதமானால்கூட இருபத்து நான்குக்கு மேல் போய் ஈடுகட்டக்கூடாது என்று அதற்குப் பிறகு ஒரு விதி சேர்த்தார்கள். அப்பழுக்கில்லாத ஓட்டுநர் ஒருவரையும் தேடினார்கள். சங்கத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். அண்ணன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது அவர் இதைக் கேட்டிருக்கிறார். வாய்க்குள் குறடு இருக்கும்போது யார்தான் மறுப்பார்கள்? அவன் ஒப்புக்கொண்டது அண்ணிக்குத் தெரியாது. அவள் பெயர் கொடுத்தது அவனுக்குத் தெரியாது. இரண்டும் எனக்குத் தெரியும். எண்ணைக் கழற்றி எழுதிவைக்க ஒரு ஆள் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் மூச்சு விடவில்லை.

முதல் வருஷம் முப்பத்தோராவது கிலோமீட்டரில், அணைக்கட்டு ஏற்றத்தில், அண்ணியைப் பிடித்தோம். அவள் எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் இரண்டு ஹாரன் அடித்தான். இறங்கிப்போய் அவள் முதுகிலிருந்து நான்கு ஊக்குகளைக் கழற்றியது நான். நாத்தனார் கொடுமை என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் செய்துபார்த்தேன். அவள் வண்டியில் ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்து, ஊர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

இரண்டாம் வருஷம் எழுபத்து நான்காவது கிலோமீட்டர். இன்னும் ஆறுதான் பாக்கி. "அண்ணா, கொஞ்சம் மெதுவா போயேன், என்ன கெட்டுடும்?" என்றேன். அவன் அட்டையை விரலால் தட்டிக் காட்டினான். இரண்டு ஹாரன். அண்ணி தானே எண்ணைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வண்டியில் ஏறாமல் சந்துக்குள் திருப்பி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்த வீட்டுச் சாப்பாட்டில் உப்பு குறையவில்லை, பேச்சுத்தான் குறைந்தது.

மூன்றாம் வருஷப் போட்டிக்கு முந்தைய மாதம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. தொடர்ந்து மூன்று முறை முடிக்காதவர்கள் இனி நீண்ட போட்டிக்குப் பெயர் கொடுக்க முடியாது. அவர்கள் இருபது கிலோமீட்டர் குடும்பச் சவாரியில் கலந்துகொள்ளலாம். குடும்பச் சவாரி என்றால் கைப்பிடியில் பலூன் கட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றி வருவது. அண்ணி கடிதத்தை மடித்து, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

"பலூன் கட்டிக்கிட்டு ஓட்டறதுக்கா நான் மூணு வருஷமா நாலு மணிக்கு எழுந்திருக்கேன்?" என்றாள் என்னிடம்.

"இந்தத் தடவ அண்ணன ஓட்ட வேணாம்னு சொல்லிடலாமா, அண்ணி?"

"எதுக்கு? அவர் ஓட்டணும். அவர் வண்டிக்கு முன்னாலதான் நான் போய்ச் சேரணும். வேற யாரோ ஓட்டற வண்டிய ஜெயிச்சு எனக்கென்ன?"

அண்ணன் அடுத்த அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். காதில் விழுந்திருக்கும். சட்டையின் ஒரே கையை இரண்டு தடவை தேய்த்தான்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குத் தொடங்கியது. ஆறு நாற்பதுக்கு எங்கள் மினி பஸ் கிளம்பியது. 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்று எழுதிய அட்டையை அண்ணன் வீட்டிலிருந்தே கொண்டுவந்து கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்தான். அது பொதுவாக எழுதியதில்லை, எனக்காக எழுதியது.

அணைக்கட்டு ஏற்றத்தில் நான்கு பேரைப் பிடித்தோம். அவர்களில் அண்ணி இல்லை. ஏற்றத்தின் உச்சியில் நின்ற தொண்டர், "அந்த அக்கா ஆறு நிமிஷம் முன்னாலயே போயிட்டாங்க," என்றார். எனக்குக் கையைத் தட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டினேன். அண்ணன் அட்டையைப் பார்த்து ஓட்டினான்.

ஐம்பத்திரண்டாவது கிலோமீட்டரில், சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்தில், சாலை ஓரத்தில் ஒரு சைக்கிள் தலைகீழாக நின்றது. பின் சக்கரம் கழற்றியிருந்தது. பஞ்சர். தூரத்திலிருந்தே முதுகைப் பார்த்து அண்ணி என்று தெரிந்துவிட்டது. டயருக்குள் விரலை விட்டு அவசரமில்லாமல் ஒரு சுற்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தரிகளைத் துடைப்பதும் இப்படித்தான். அவசரப்பட்டு உள்ளே கண்ணாடித் துண்டை விட்டுவிட்டால் புது ட்யூபும் போய்விடும். ஒரு வெள்ளைச் சில்லை எடுத்துத் தூர எறிந்தாள், ட்யூபை நுழைத்தாள், காற்றடித்தாள். நாங்கள் இருநூறு மீட்டரில் வந்துகொண்டிருந்தோம். நூறு. ஐம்பது. அண்ணனின் கட்டைவிரல் ஹாரன் மேல் போய் உட்கார்ந்தது. அண்ணி சக்கரத்தை மாட்டி, சைக்கிளை நிமிர்த்தி, ஏறிவிட்டாள். கட்டைவிரல் கீழே இறங்கியது. அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அங்கிருந்து இருபத்தெட்டு கிலோமீட்டர், நான் வாழ்க்கையில் உட்கார்ந்த மிக நீளமான பயணம். வெட்டவெளிச் சாலையில் எதிர்க்காற்று. அண்ணி எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருந்தாள். ஒரு நேரம் முந்நூறு மீட்டர் முன்னால், ஒரு நேரம் நூறு. வண்டிக்குள் இருந்த நான்கு பேரும் தங்கள் தோல்வியை மறந்து அவள் கட்சிக்கு மாறிவிட்டார்கள். அதில் ஒரு வங்கிக்காரர், "சார், முன்னால போறது உங்க வீட்டம்மாவாமே? கொஞ்சம் பாத்து ஓட்டுங்க சார்," என்றார்.

அண்ணன் தலைக்கு மேலிருந்த அட்டையைக் காட்டினான்.

"கல்லுல நார் உரிக்கலாம்," என்றேன் வங்கிக்காரரிடம், அண்ணனுக்குக் கேட்கும்படி.

நகரத்துக்குள் நுழைந்தபோது இடைவெளி எண்பது மீட்டர். அண்ணியின் தோள் இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்திருந்தது. அவள் களைத்தால் தோள் ஆடும். இன்னும் ஏழரை கிலோமீட்டர். இந்த வேகத்தில் போனால் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துவிடுவோம் என்று எனக்கே தெரிந்தது. ஊக்குகள் போட்டுவைக்கும் தகர டப்பாவை எடுத்துக் கால் கீழே ஒளித்தேன். அதனால் என்ன பயன் என்று கேட்காதீர்கள்.

அப்போதுதான் அது நடந்தது. கடைசிப் பகுதி ஏழாம் நம்பர் பஸ் போகும் பாதை. போட்டிக்காக அன்று காலை பஸ்ஸை வேறு வழியில் திருப்பியிருந்தார்கள். அது எல்லாருக்கும் தெரியுமா? நீதிமன்ற நிறுத்தத்தைத் தாண்டும்போது, எதிர்ச் சந்திலிருந்து ஒரு அம்மாள், கையில் இரண்டு பைகளோடு, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். வெள்ளை மினி பஸ், மெதுவாக வருகிறது, பழகிய ஓட்டுநர் முகம். அவள் மேல் என்ன தப்பு?

வண்டி ஓரம் கட்டியது. நின்றது. அண்ணன் கதவைத் திறந்தான். அந்த அம்மாள் சாலையைக் கடந்து, பைகளை ஒவ்வொன்றாக ஏற்றி, கம்பியைப் பிடித்து ஏறி, "அப்பாடா, மார்க்கெட் ஒண்ணு," என்றாள்.

வங்கிக்காரர் சீட்டைத் தட்டிச் சிரித்தார். அண்ணன் தன் கையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும். என் அண்ணனுக்குச் சறுக்கியதை அன்றுதான் பார்த்தேன்.

"நாப்பது செகண்டு," என்றான் வறண்ட குரலில்.

"போனாப் போகுது, ஓட்டுண்ணா," என்றேன். எனக்குள் தேன் பாய்ந்தது.

ஏறியவர்களை இறக்கிவிடும் பழக்கம் அவனுக்கு இல்லாததால் அந்த அம்மாளும் எங்களோடு வந்தாள். இருபத்து நான்குக்கு மேல் போய் ஈடுகட்டவும் விதியில் இடமில்லை. முன்னால் அண்ணி முந்நூற்றைம்பது மீட்டரில் இருந்தாள். பிறகு இருநூற்றைம்பது, நூற்றைம்பது. விளையாட்டரங்கு வாயிலில் திரும்பும்போது எங்கள் முன் கண்ணாடியில் அவள் முதுகு எண் தெளிவாகத் தெரிந்தது. முடிவுக் கோட்டை அவள் தாண்டினாள். நாங்கள் தாண்டினோம். நான் நிறுத்துக்கடிகாரத்தை அழுத்தினேன். பதினோரு வினாடி வித்தியாசம்.

அண்ணி சைக்கிளைத் தரையில் போட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்து அழுதாள். வாயைத் திறந்து, குழந்தை மாதிரி. நானும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதேன். யாரோ அவள் கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். எல்லாருக்கும் கொடுக்கும் தகரப் பதக்கம்தான். அவள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். மார்க்கெட் அம்மாள் வந்து, "டிக்கெட் யாருகிட்ட வாங்கணும்?" என்று கேட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஓட்டுநர் அறிக்கை என்று ஒரு தாள் இருக்கிறது. அதில் 'வழியில் நிறுத்தம்' என்று ஒரு கட்டம். நான் அதில் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், தெரியும். அண்ணன் பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, தன் கையால் எழுதினான்: 9.41, நீதிமன்ற நிறுத்தம், நாற்பது வினாடி, ஓட்டுநர் தவறு.

"உனக்குப் பைத்தியமா?" என்றேன்.

"நடந்துச்சு இல்ல?" என்றான்.

பல் டாக்டர் மேஜையில் தாளை வாங்கிப் படித்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மறுபடி படித்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "வண்டிக்கு முன்னால வந்தவங்க முடிச்சவங்க. வண்டி எதனால லேட்டுன்னு இதுல எங்கயும் இல்ல. அம்மா முடிச்சாச்சு. விடுங்க," என்றார்.

ஆனால் அண்ணி பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். "என்ன லேட்டு?" என்றாள். பல் டாக்டர் தாளைக் காட்டினார். படித்தாள்.

"நான் எத்தன செகண்டு முன்னால வந்தேன்?" என்று என்னைக் கேட்டாள்.

"பதினொண்ணு."

கணக்குப் போட அவளுக்கு நேரம் ஆகவில்லை. பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜையில் வைத்தாள். "பாதி வெந்தது வேகாததுதான், சார்," என்றாள். அந்தப் பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தால் இனிமேல் பலூன் சவாரிதான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

பிறகு அண்ணனைப் பார்த்தாள். "எனக்காக நிறுத்தினீங்களா?"

ஆமாம் என்றாலும் தொலைந்தான், இல்லை என்றாலும் தொலைந்தான். பல் டாக்டர்கூட எழுந்து போகப் பார்த்தார்.

"இல்ல," என்றான் அண்ணன். "உனக்காக நிறுத்தினா அது திருட்டு. ஒரு அம்மா ஓடி வந்தாங்க. கால் பிரேக்குக்குப் போயிடுச்சு."

"ஓடி வந்தாங்களா?" அண்ணியின் முகம் சிவந்தது. "ஓடி வந்தவங்களுக்காக நின்னீங்களா? நீங்களா? அன்னைக்கு நானும் ஓடித்தான் வந்தேன். பத்தடி. கைய நீட்டிட்டேன்."

"தெரியும்."

"அப்புறம்?"

அண்ணன் கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்படிப் பேசிப் பழக்கமில்லை. "அதனாலதான்," என்றான். "அன்னைக்கு உன்ன விட்டுட்டுப் போனதுலேர்ந்து, கண்ணாடியில யாராவது ஓடி வர்றது தெரிஞ்சா கதவ மூட முடியல. கை வரமாட்டேங்குது. ஒம்பது வருஷமா அப்படித்தான். இன்னைக்காவது வேணாம், கார்டுப்படி போயிடணும்னு நெனச்சேன். கால் கேக்கல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிறுத்தங்களில் அவன் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்ததையெல்லாம் நான் தினமும் பார்த்தவள். பை தூக்கிய கிழவர், ஒற்றைச் செருப்போடு ஓடி வந்த கல்லூரிப் பெண், யாரையும் அவன் விட்டுவிட்டுப் போகவில்லை. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வயதாகிவிட்டது என்று முடிவுகட்டிய என் புத்தியை என்ன சொல்ல?

"அதுக்குத்தான் மூணு மெமோ வாங்கியிருக்கான், அண்ணி," என்றேன்.

"மெமோவா? ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றாள் அவனிடம்.

"பஸ்ஸப் பத்திப் பேசக்கூடாதுன்னு நீதானே சொன்ன."

அண்ணி மேஜையிலிருந்த தாளை இன்னொரு தடவை படித்தாள். ஓட்டுநர் தவறு என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பதக்கத்தை எடுத்துத் திரும்பக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"அன்னைக்கு அஞ்சு செகண்டு நின்னிருந்தாப் போதும் எனக்கு," என்றாள். "இப்ப வட்டியோட வந்திருக்கு. அந்த நாப்பது செகண்டும் என்னோடதுதான், சார். நான் முடிச்சிட்டேன்னு எழுதிக்குங்க."

"நான்தான் முதல்லயே சொன்னேனேம்மா," என்றார் ஒன்றும் புரியாத பல் டாக்டர்.

மறுநாள் திங்கட்கிழமை. கால் வலிக்கிறது, இன்று சைக்கிள் எடுக்கவில்லை என்று அண்ணி காலையிலேயே என்னிடம் சொன்னாள். எப்படிப் போவாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மருந்துக் கடை நிறுத்தத்தில் வழக்கம்போல ஏழு பதினெட்டுக்கு ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். மணி ஏழு பத்தொன்பது ஆனது. அண்ணன் கதவைத் திறந்தபடியே வைத்திருந்தான். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். தெருமுனையில் அண்ணி வந்துகொண்டிருந்தாள்.

அவள் ஓடவில்லை. கைப்பையைத் தோளில் சரிசெய்தாள். நடந்தாள். மருந்துக் கடை வாசலில் நின்று, மூடியிருந்த கதவில் ஒட்டியிருந்த எதையோ முழுவதும் படித்தாள். பின்னாலிருந்து ஒருவர், "என்ன டிரைவர், கிளம்பலையா?" என்றார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்து அண்ணன் முகத்தைப் பார்த்தார். ஊதவில்லை. அண்ணன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணி ஏறினாள். "உங்க பஸ் லேட்டா போகும்னு சொல்றாங்களே, உண்மையா?" என்று அவனைக் கேட்டாள்.

"நாலாவது மெமோவுக்கு நீயே பதில் எழுது," என்றான்.

அவள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் கதவை மூடினான். மணி ஏழு இருபத்தொன்று.